ஆறு பிரதிகள்

மழைக்காகக் கல்லூரிக்கு லீவு விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும், அறைக்கு வெளியே பெஞ்சில் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் ரமா அதையும் மழையின் சத்தம் என்றுதான் நினைத்தாள். ஐப்பசி அடைமழை, காலையிலிருந்து தகரக் கூரையில் கொட்டி, குழாய் வழியே இறங்கி, முற்றத்துச் சேற்றில் சளசளத்துக்கொண்டிருந்தது. ஆனால் அதற்கடியில் வேறொன்று இருந்தது. அட்டைமேல் வைத்த தாளில் பால்பாயிண்ட் பேனா அழுத்தி ஓடும் கறகறப்பு. ஒரு வரி முடியும், சின்ன இடைவெளி, அடுத்த வரி தொடங்கும். இருபத்து நாலு வருஷம் பரீட்சை ஹாலில் நடந்தவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா என்ன?

எழுந்து கதவைத் திறந்தாள். தாழ்வாரம் காலி. ஈரச் சுண்ணாம்பு வாடையும் பினாயில் வாடையும்தான் இருந்தன. பெஞ்சின் ஒரு ஓரம் மட்டும் ஈரமாக இருந்தது, நனைந்த உடுப்போடு யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தாற்போல. சாரல் அந்த இடம் வரை வருவதில்லை. ரமா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கதவில் 'உள் புகார் குழு' என்று பலகை. வணிகவியல் பேராசிரியை ரமா மூன்று வருஷமாக அதன் உறுப்பினர் செயலர். மறுநாள் காலை ஆய்வுக் குழு வருகிறது. அதற்குள், இன்று ஐந்து மணிக்குள், ஆண்டறிக்கை போயாக வேண்டும். எல்லாம் தட்டச்சு ஆகிவிட்டது, ஏழாவது வரி ஒன்றைத் தவிர. 'இந்த ஆண்டு பெறப்பட்ட பாலியல் புகார்கள்.' அதன் எதிரே 'இல்லை' என்று அடிக்க வேண்டும். மூன்றே எழுத்து. அதற்காகத்தான் அவள் ஒரு மணி பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

வாபஸ் வாங்கிய புகார் புகாரே அல்ல என்று பிரின்ஸிபால் சொல்லியிருந்தார். புகாரை வாபஸ் வாங்க வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

புகார் மனு ஆறு பிரதி தர வேண்டும் என்று விதியில் இருக்கிறது. கையால் எழுதித் தர வேண்டும் என்று எங்கும் இல்லை. அது ரமாவின் சொந்த யோசனை. ஜெராக்ஸ் செல்லாதும்மா, ஒவ்வொண்ணையும் உன் கையால எழுது, வலப்பக்க மூலையில எண் போட்டு வட்டம் போடு, வெளியே பெஞ்ச் இருக்கு. நடந்ததை ஒரு தடவை எழுதுவதற்கே கூசுகிறவள் ஆறு தடவை எழுதுவாளா? முன்பு வந்த இரண்டு பெண்கள் மூன்றாவது பிரதியிலேயே பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். ஒரு சுடுசொல் இல்லை, ஒரு மிரட்டல் இல்லை. "மேடம், நீங்க பெரிய ஆளு" என்றார் பிரின்ஸிபால். அன்று ரமாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தமிழ்ச்செல்வி ஆறையும் எழுதினாள். இயற்பியல் இரண்டாம் ஆண்டு, திருப்போரூருக்கு உள்ளே ஏதோ ஒரு கிராமம், குனிந்த தலை நிமிராத பெண். ஆகஸ்டில் மூன்று மத்தியானம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். துறைத் தலைவர் ஜானகிராமன் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட ஆய்வகத்து இருட்டறைக்குக் கூப்பிட்டது, சோடியம் விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தியது, பிறகு நடந்தது. முதல் பிரதி ஒன்றரைப் பக்கம். இரண்டாவதில் ஒரு பத்தி குறைந்தது. எழுத எழுதத் தேய்ந்து, ஆறாவது நாலே வரியில் நின்றது. அப்போதுதான் ரமா வாபஸ் கடிதத்தை நீட்டினாள். தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தது. பெயர் எழுத மட்டும் இடம்.

"முள்ளு மேல சேலை பட்டாலும், சேலை மேல முள்ளு பட்டாலும், கிழியறது சேலைதான்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

தமிழ்ச்செல்வி பெயரை எழுதினாள். எழுந்து போகும்போது ஒன்று கேட்டாள்.

"மேடம், உங்க பொண்ணு ஹம்சினியும் எங்க கிளாஸ்தானே?"

ஆமாம், அதே கிளாஸ்தான். ஹம்சினியின் செய்முறைத் தேர்வு மார்க் ஜானகிராமன் கையில்தான் இருந்தது. இவ்வளவுக்கும் காரணம் அவ்வளவுதான். அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இந்தக் கல்லூரியில் ஊர் வாயும் சமர்த்தாக மூடிக்கொண்டுதான் இருந்தது. ரமா ஆறு பிரதிகளையும் தன் கையாலேயே தாள் கிழிக்கும் இயந்திரத்தில் விட்டாள். தமிழ்ச்செல்வி மறுவாரம் டி.சி. வாங்கிக்கொண்டு போனாள்.

கறகற என்ற சத்தம் நின்றது. கதவுக்கடியில் ஒரு தாள் சரிந்து உள்ளே வந்தது.

வலப்பக்க மூலையில் வட்டம். வட்டத்துக்குள் ஆறு. நாலே வரி. தமிழ்ச்செல்வியின் கையெழுத்து, கொம்புகள் குட்டையாக, எல்லாம் நேராக நிற்கும் எழுத்து. தாள் ஈரமாக இருந்தது. ரமா கதவை விருட்டென்று திறந்தாள். பெஞ்சும் தாழ்வாரமும் அப்படியேதான் இருந்தன. தாழ்வாரக் கோடியில் சாவிக் கொத்தோடு அட்டெண்டர் லோகநாயகி வந்துகொண்டிருந்தாள்.

"இன்னா மேடம், இன்னும் போவலியா? மழ புடிச்சிகினு கீது, ரோட்டுல முட்டிக்கால் தண்ணி."

"லோகா, தமிழ்ச்செல்வி இங்க வந்தாளா?"

"எந்தத் தமிழ்ச்செல்வி? டி.சி. வாங்கினு போச்சே அதுவா? காலைல திருப்போரூர்ல பாத்தேன் மேடம். ஜவுளிக் கடைல பொடவ மடிச்சிகினு கீது. நல்லாத்தான் கீது."

ரமாவுக்கு மூச்சு வந்தது. உயிரோடு இருக்கிறாள். சிரித்துவிடலாம் போலிருந்தது.

"இங்க பெஞ்சில குந்திகினு எய்திட்டிருந்துதே ஒண்ணு, அதக் கேக்கிறியோன்னு நெனச்சேன்" என்றாள் லோகநாயகி.

"யாரு?"

"தெரில மேடம். தல குனிஞ்சிகினு இருந்துச்சு. பக்கத்துல மஞ்சப் பூ போட்ட குட. ஒனக்குத்தான் காத்துகினு கீதுன்னு நான் ஒண்ணும் கேக்கல." சாவியை ஆட்டிக்கொண்டே அவள் நூலகத்தைப் பூட்டப் போய்விட்டாள்.

மஞ்சள் பூப்போட்ட குடை செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் யாருக்கும் கிடைக்கும். ரமாவே ஒன்று வாங்கியிருக்கிறாள். அந்த நினைப்பை அதற்கு மேல் போகவிடாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஹம்சினி ஒரு மணி பஸ்ஸில் திருவிடந்தைக்குப் போயாகிவிட்டது. இந்நேரம் வீட்டில் தலை துவட்டிக்கொண்டிருப்பாள்.

மறுபடி கறகறப்பு. ஐந்தாவது வந்தது, ஆறு வரி. நாலாவது அரைப் பக்கம். தேய்ந்தது வளர்ந்துகொண்டு வந்தது. தாள் ஒவ்வொன்றிலும் ரமா மறக்க நினைத்த வரி ஒன்று திரும்ப முளைத்திருந்தது. 'விளக்கு சூடாக ஐந்து நிமிஷம் ஆகும், அதுவரை நில் என்றார்.' 'அந்த வெளிச்சத்தில் அவர் முகம் செத்தவர் முகம்போல இருந்தது.' 'கத்தினால் யாருக்கும் கேட்காது என்று எனக்குத் தெரியும்.'

மூன்றாவதில் எழுத்து மாறியிருந்தது. நேராக நின்றவை இடப்பக்கம் சாய ஆரம்பித்திருந்தன. இடக்கைக்காரர்கள் எழுதுவதைப் போல. ரமா அதைத் தெரிந்தே பார்க்காமல் மடித்து வைத்தாள். பயமாக இருந்தது, வெறும் பயம், சின்னப் பிள்ளைக்கு வருவதைப் போல.

திரையில் ஏழாவது வரி காத்துக்கொண்டிருந்தது. 'இல்லை' என்பதற்குப் பதில் ஒரு எண் போட்டால் போதும். ஒன்று. அப்புறம் விசாரணை வரும், ஜானகிராமன் வருவார், பிரின்ஸிபால் முகம் மாறும், ஹம்சினியின் மார்க் போகும். ரமா ஒன்றை அடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே பேனா நின்று, அவள் என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அழித்தாள். 'இல்லை' என்று அடித்தாள். கையெழுத்தைச் சேர்த்து அனுப்பினாள். மணி நாலு இருபத்தைந்து.

சத்தம் எதுவும் இல்லை. மழைகூடச் சற்று ஓய்ந்திருந்தது. ரமா நாற்காலியில் சாய்ந்தாள். அப்பாடா. இவ்வளவுதானா, இதற்குத்தானா இப்படி நடுங்கினோம் என்று தோன்றியது. பைக்குள்ளிருந்து கைபேசியை எடுத்தாள். இந்த அறைக்குள் கைபேசி சத்தம் கூடாது என்பது குழுவின் வழக்கம். அவளே வைத்த வழக்கம்.

ஹம்சினியிடமிருந்து ஒரு செய்தி. இரண்டு பத்துக்கு வந்தது.

'அம்மா, பஸ்ஸ விட்டுட்டேன். சார் ரெக்கார்டு சைன் பண்ணித் தரேன், நாலு மணிக்கு லேபுக்கு வான்னார். நாலரைக்குள்ள முடிஞ்சுடுமாம். உன்னோடயே ஆத்துக்கு வரேன்.'

கதவுக்கடியில் தாள் சரிந்தது. ஒரே தடவையில் இரண்டு. அடியில் இருந்ததில் இரண்டு என்ற வட்டம். மேலே இருந்ததில் ஒன்று. ஒன்றரைப் பக்கம், எல்லா எழுத்தும் இடப்பக்கம் சாய்ந்து. எல்.கே.ஜி.யில் அந்த இடக்கையைப் பிடித்து 'அ' போடச் சொல்லிக்கொடுத்தவள் ரமாதான். தேதி, இன்று. நேரம், நாலு நாற்பது. பெயர், உ. ஹம்சினி.

ரமா ஓடினாள்.

முற்றத்துச் சேற்றில் செருப்பு ஒன்று போயிற்று. இயற்பியல் கட்டடம். படிகள். முதல் மாடி. புடவை காலைச் சுற்றியது. கைபேசியில் அழைப்பு போய்க்கொண்டே இருந்தது. எங்கோ மேலே அது ஒலிப்பது கேட்டது. பிறகு நின்றது. இரண்டாம் மாடி.

தாழ்வாரக் கோடியில் இருட்டறை. வாசலில் குடை, மஞ்சள் பூ, விரித்தபடி. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. கதவடியில் மெல்லிய கோடாக வெளிச்சம், இன்னும் சிவப்பாக. விளக்கு சூடாகிக்கொண்டிருந்தது.

"ஹம்சினி!" கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "கதவத் திறங்கோ! சார்! கதவத் திறங்கோ!"

உள்ளே ஒரு இருமல். பிறகு ஜானகிராமனின் குரல், எப்போதும்போல மரியாதையாக.

"ரெக்கார்டுதான் மேடம். ஒரு அஞ்சு நிமிஷம். வெளியே பெஞ்ச் இருக்கு பாருங்க."

இருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால், நேற்றுவரை எதுவும் இல்லாத இடத்தில், கீழே அவள் அறை வாசலில் கிடந்த அதே பெஞ்ச், ஓரத்தில் ஈரத்தோடு.

கதவடி வெளிச்சம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. ரமாவின் கைகள் அதில் சாம்பலாகத் தெரிந்தன. அவள் அடித்தாள். கத்தினாள். குரல் தாழ்வாரத்தில் நாலடி தாண்டவில்லை. உள்ளே யாரும் கத்தவில்லை. உள்ளே பேனா ஓடிக்கொண்டிருந்தது.

கதவடியில் தாள் வந்தது. வட்டத்துக்குள் இரண்டு. ஒரு பத்தி குறைந்திருந்தது. மூன்று. நாலு. தாள்கள் அவள் கால்விரலில் வந்து இடித்தன. ஐந்து.

"எழுதாதேடி! ஹம்சினி, எழுதாதே! நான் கேக்கறேன், வாயால சொல்லு, நான் கேக்கறேன்!"

பேனா நின்றது. ஆறாவது தாள் மெதுவாக வந்தது.

நாலே வரி. நாலாவது வரி: 'எனக்குப் புகார் எதுவும் இல்லை.' கீழே, பெறப்பட்டது என்ற இடத்தில், ரமாவின் கையெழுத்து, மை காயாமல்.

"எழுதிட்டேம்மா" என்றது உள்ளிருந்து ஒரு குரல். அது ஹம்சினியின் குரல்தான். களைத்திருந்தது. "ஆறும் எழுதிட்டேன். போறுமா?"

கதவடியில் இருந்த மஞ்சள் கோடு அணைந்தது.