பின்பாரம்

படகின் பின்பக்கம் நான்கு விரல்கடை தாழ்ந்திருந்தது.

ஆபேல் அதை முதலில் காலில்தான் உணர்ந்தான். புறப்படும்போது கால் வைக்கும் கம்பி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. இப்போது அது மேலே எழும்பி, முழங்கால்களை அவன் வயிற்றை நோக்கி மடக்கியிருந்தது. துடுப்புகளை மடிமேல் குறுக்கே போட்டுவிட்டு, குனிந்து இடது பக்கத்துக் காற்றுக் குழாயை அழுத்திப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது. வலது குழாயும் அப்படியே. காற்று சீறும் சத்தம் எங்கேயாவது கேட்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தான். மழை மட்டும்தான் கேட்டது. மொட்டை மாடிகளிலிருந்து குழாய் வழியாக விழும் மழை, தகரக் கொட்டகைமேல் விழும் மழை, மூழ்கிக் கிடந்த தெரு முழுவதும் பொரி வறுப்பதுபோல் பொரிந்துகொண்டிருந்த மழை.

மணி மூன்றுதான். ஆனால் வெளிச்சம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்துவிட்டிருந்தது.

"இது வேற ஒண்ணு," என்று வாய்விட்டே முணுமுணுத்தான். காலையிலிருந்து எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. முடிச்சூர் பக்கம் அடையாறு கரையைத் தாண்டி நகருக்குள் வந்தது விடியற்காலையில். ஏழு மணிக்கு எப்சி அக்கா போன் செய்தாள். முதல் மாடியில் இருக்கிறாள், பயமில்லை, ஆனால் மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்து தீர்ந்துவிட்டது. எட்டு மணிக்கு அவள் பேச்சு பாதிப் பாதி வார்த்தையாக வந்தது. பத்துக்குப் பிறகு அவள் பேசவில்லை. போனை எடுத்து மூச்சு இரைவதை மட்டும் கேட்கவிட்டாள். மீட்புப் படகு வரும், வரும் என்றார்கள். பன்னிரண்டுக்கு வரும், இரண்டுக்கு வரும். தாம்பரத்தில் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்து, நான்காவது கடையில் அந்த நீலக் குப்பி கிடைத்தபோது அவன் பொறுமை மொத்தமும் தீர்ந்துபோயிருந்தது.

வெளிவட்டச் சாலையில் வரிசையாக நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே படகைப் பிரித்துக் காற்றடித்தபோது, மச்சான் ஜேசன் சிரித்தான். "மாமா, இன்னா இது, ரெண்டு வாழத்தண்டுக்கு நடுவுல சேர் போட்ட மாதிரி கீது?"

"வாயை மூடிக்கிட்டு பம்ப்ப அடிடா."

"அதில்ல மாமா. நானும் கூட வரட்டா?"

"ஒரு ஆளுக்குத்தான். எழுதியே இருக்கு பாரு."

எழுதித்தான் இருந்தது. இரண்டு நீண்ட குழாய்கள், அவற்றைச் சேர்க்கும் இரும்புச் சட்டம், நடுவில் ஒரு வலைத்துணி இருக்கை, இரண்டு துடுப்புகள், முதுகுக்குப் பின்னால் சாமான் வைக்க ஒரு தட்டு. அவ்வளவுதான் படகு. முந்தைய வெள்ளத்துக்குப் பிறகு வாங்கி, சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியில் ஓட்டிப் பழகியிருந்தான். ஆலையில் அவனுக்கு அளவு பார்க்கும் வேலை. விதிகளை விதிகளாகவே கற்றுக்கொண்டான். மிதவைச் சட்டையின் கொக்கி மூன்றையும் போட வேண்டும். கயிற்றை உடம்பில் கட்டக் கூடாது. எழுந்து நிற்கக் கூடாது. நீரின் இழுப்பில் மாட்டினால், ஆபத்து இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடுப்பைத் தன்னை நோக்கி இழுத்துப் பின்னால் விலக வேண்டும். மரக்கிளை, கம்பிக் கதவு என்று தண்ணீர் புகுந்து ஆள் புகாத எதனிடமும் போகக் கூடாது.

பின்தட்டில் இருந்தது ஒரு உபரி மிதவைச் சட்டை மட்டும். மருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றி அவன் சட்டைக்குள் இருந்தது. இரண்டு கிலோ பாரம்கூட இல்லை.

பதினாலாம் நம்பர் வீடு வரைக்கும் படகு சரியாகத்தான் இருந்தது.

அந்த வீட்டுக்கும் அவன் விருப்பப்பட்டுப் போகவில்லை. மூன்றாம் குறுக்குத் தெருவில் நுழையும்போது கழுத்தில் தொங்கிய போன் அடித்தது. நகர் நலச் சங்கத்தின் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன்.

"ஆபேல் சார், அங்கதானே போறேள்? பதினாலாம் நம்பர் கீழ்வீடு. லிஸ்ட்ல ஒரு ஆள் டேலி ஆகல. ஒரு குரல் குடுத்துட்டுப் போங்கோ."

"சார், எங்க அக்காவுக்கு மூச்சு விட முடியல. காலைல இருந்து உங்ககிட்டதான் படகு கேட்டுக் கெஞ்சிக்கிட்டு இருக்கேன்."

"புரியறது சார். ஒரு நிமிஷம்தானே? குரூப்ல போட்டாகணும். எல்லாரும் கேக்கறா."

சங்கத்தின் வழக்கம் அது. தண்ணீர் வந்தால் படகில் போகிறவர்கள் ஒவ்வொரு வீட்டையும் மூன்று முறை தட்டி, ஆள் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் ஏறச் சொல்ல வேண்டும். யாரும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல வழக்கம்தான். ஆனால் பதினாலாம் நம்பர் கீழ்வீட்டில் கதவு நிலைக்கு மேலே ஒரு சாண் தண்ணீர் நின்றது. தலைவாசலே தெரியாத வீட்டில் யாரைக் கேட்பது? ஆத்திரத்தோடு துடுப்பின் காம்பால் சன்ஷேடில் மூன்று தட்டுத் தட்டினான்.

உள்ளிருந்து மூன்று தட்டு வந்தது.

குளிர்பதனப் பெட்டி. அவனுக்குத் தெரியும், தண்ணீர் புகுந்த வீட்டில் குளிர்பதனப் பெட்டி மிதந்து கூரையில் போய் முட்டும். போன தடவை இரவெல்லாம் கேட்ட சத்தம். "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினான். பதில் இல்லை. மீண்டும் கத்தினான். இந்த ஒரு நிமிடம் எப்சி அக்காவின் எத்தனை மூச்சு என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது. அந்தக் கணக்கு அவனைக் கொதிக்க வைத்தது.

"இருந்தா வந்து ஏறித் தொலைங்க! எனக்கு நேரமில்ல!"

சொல்லிவிட்டுத் துடுப்புப் போட்டான். யாரும் இல்லை என்று போனில் சொன்னான். நான்காம் குறுக்குத் தெருவுக்குத் திரும்பும்போதுதான் முழங்கால் வயிற்றில் இடித்தது.

இப்போது ஒரு வாசனையும் வந்தது. சாக்கடையும் டீசலும் கலந்த வெள்ள வாசனை அவனுக்குப் பழக்கம். இது வேறு. நனைந்து, பல நாள் காயாமல், ஆள் படுத்தபடியே கிடந்த இலவம்பஞ்சு மெத்தையின் வாசனை. காற்று எதிரிலிருந்து அடித்தது. வாசனை பின்னாலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தான். தட்டு, சட்டை, மழை. வேறொன்றுமில்லை. முகத்தை முன்னால் திருப்பி நாலு துடுப்புப் போட்ட பிறகுதான், பார்த்தது என்ன என்பது மெதுவாக அவனுக்கு உறைத்தது. மிதவைச் சட்டையை அவன் தட்டையாக மடித்து வைத்திருந்தான். அது நிமிர்ந்து நின்றிருந்தது. கொக்கி மூன்றும் போட்டிருந்தது.

காற்றில் நிமிர்ந்திருக்கும். அவனே பழக்கத்தில் கொக்கியைப் போட்டிருப்பான். பயப்படுவதற்கெல்லாம் இன்றைக்கு நேரமில்லை என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டான்.

நான்காம் குறுக்கு முடியும் இடத்தில் ஒரு காலி மனை. ஆற்றிலிருந்து நேராக வந்த தண்ணீர் அங்கே தெருவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு, எதிரே ஒரு வீட்டின் உயரமான கம்பிக் கதவுக்குள் பாய்ந்தது. கதவில் ஒரு மெத்தையும், ஒரு சைக்கிளும், கால் விறைத்த ஆடு ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தன. படகு அதை நோக்கி வழுக்கியது. ஆபேல் முகத்தைக் கதவுக்கு நேராகத் திருப்பினான். துடுப்பை ஆழப் போட்டு, தன்னை நோக்கி இழுத்தான்.

படகு நகரவில்லை. பின்பாரம் ஏற்றிய கட்டை வண்டி மாதிரி அடம்பிடித்தது. பல்லைக் கடித்து இரண்டாம் முறை இழுத்தான். உடம்பு பின்னால் சாய்ந்தது. மூன்றாம் முறை இழுத்தபோது, இருக்கையின் வலைத்துணிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று அவன் முதுகைத் தாங்கிக்கொண்டது.

ஈரமாக. மெத்தென்று.

விதி அவனுக்குத் தெரியும். ஆபத்தைப் பார். பின்னால் இழு. ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் அதன் மடியில் சாய்ந்தான். இழுக்காவிட்டால் கம்பிக் கதவு. எழுந்து நிற்க முடியாது. திரும்ப முடியாது. கழுத்தின் பின்பக்கம் குளிர்ந்த நீர் சொட்டியது; மழை நேராக விழுந்துகொண்டிருக்க, அது மட்டும் காதோரமாக, விட்டு விட்டு, மூச்சு விடுகிற இடைவெளியில் சொட்டியது. அவன் இழுத்தான். அழுகையும் கோபமுமாக இழுத்தான். பதினைந்து இழுப்பில் படகு நீரோட்டத்திலிருந்து விடுபட்டு ஓரத்துக்கு வந்தது.

எப்சி அக்காவின் வீடு தெரிந்தது. முதல் மாடி. இரண்டு பக்கம் சுற்றி வரும் பால்கனி. பால்கனித் தரைக்கு ஒரு முழம் கீழே தண்ணீர். அவள் கைப்பிடிக் கம்பியில் இரண்டு கையையும் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை வாங்கிக்கொண்டிருந்தாள். இரைப்பு மழைச் சத்தத்தை மீறிக் கேட்டது.

"ஏன்டா..." மூச்சு. "இவ்ளோ நேரம்?"

"அப்புறம் திட்டுக்கா. முதல்ல இதப் புடி."

பையைத் துடுப்பின் நுனியில் மாட்டி நீட்டினான். அவள் எடுத்துப் பிரித்து, குலுக்கி, வாயில் வைத்து உறிஞ்சினாள். கண்ணை மூடி நின்றாள். இன்னொரு முறை உறிஞ்சினாள். தோள் மெல்ல இறங்கியது. ஆபேல் துடுப்பைத் திரும்ப அதைத் தாங்கும் கொண்டியில் மாட்டினான்.

அக்கா கண்ணைத் திறந்தாள். பார்வை அவனைத் தாண்டிப் போனது.

"ஒரு ஆளுக்குத்தான்னு பெருமை பேசுவ. ஆள ஏத்திக்கிட்டு வந்திருக்க."

"அக்கா, யாருமில்ல. நான் மட்டும்தான்."

"வெச்சிக்கிட்டே இல்லன்னு சொல்ற பாரு. பாவம், எப்படி நடுங்குறாங்க." எப்சி அக்கா முப்பது வருடம் பள்ளிக்கூட ஆசிரியை. மின்வாரியத்திலிருந்து மீட்டர் பார்க்க வருகிறவரைக்கூட வாசலில் நிறுத்தி அனுப்பத் தெரியாதவள். கையை நீட்டினாள். "வாங்கம்மா. கையக் குடுங்க. மெதுவா."

"அக்கா! கூப்பிடாத! கையை எடு!"

படகின் பின்பக்கம் துள்ளி எழுந்தது.

முன்பக்கம் தண்ணீரில் அறைந்தது. வலது துடுப்பு கொண்டியிலிருந்து கழன்று போய்விட்டது. கம்பியைப் பிடிக்கப் பாய்ந்த கை காற்றைப் பிடித்தது. படகு இறகு மாதிரி லேசாகிவிட்டிருந்தது. தண்ணீர் அதை வீட்டின் ஓரமாகத் தள்ளி, மூலையைத் திருப்பி, சுவருக்குப் பின்னால் சுழித்துக்கொண்டிருந்த நீரில் கொண்டு விட்டது. பின்தட்டில் மிதவைச் சட்டை தட்டையாகக் கிடந்தது.

ஒற்றைத் துடுப்பைப் போட்டான். படகு சுற்றியது. இன்னும் வேகமாகப் போட்டான். இன்னும் வேகமாகச் சுற்றியது. விசிலை ஊதினான். மழை அதை விழுங்கியது.

சுற்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை பால்கனி கண்ணில் பட்டது.

முதல் முறை. எப்சி அக்கா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

சுவர். தென்னை. தண்ணீர்.

நாற்காலி காலி. அதன் கால்கள் நான்கும் வளைந்திருந்தன. அக்கா துண்டை எடுத்து, நாற்காலிக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! உள்ள போ! கதவச் சாத்து!"

சுவர். தென்னை. தண்ணீர்.

துண்டு கம்பியில் தொங்கியது. நாற்காலியில் எப்சி அக்கா உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து. இரண்டு கையும் மடியில். நீலக் குப்பி பால்கனியிலிருந்து உருண்டு, தண்ணீரில் விழுந்து, அவனைத் தாண்டி மிதந்து போனது.

சுவர்.

தென்னை.

அவன் கண்ணை மூட நினைத்தான். முடியவில்லை.

அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. அதிலிருந்து சேற்று நீர் வந்துகொண்டிருந்தது. தாடை வழியாக, கழுத்து வழியாக, மடியை நிறைத்து, தரையில் பரவி, பால்கனியின் மழைநீர்க் குழாய் வழியாகத் தண்ணீரோடு தண்ணீராக விழுந்தது. நிற்கவில்லை. அவள் மார்பு ஏறியது. இறங்கியது. இரைப்பு இல்லை. ஒரு சத்தமும் இல்லை. ஏறியது. இறங்கியது. நல்ல தூக்கத்தில் இருப்பவளைப் போல, சீராக.