லைப்பா வந்துவிட்டான்

"உன் புருஷன் ஓடிப்போனானா, இல்ல நீதான் துரத்திவிட்டியா?"

கூட்டுறவுக் கடையில், மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருத்தி நபாச்சியிடம் கேட்ட கேள்வி அது. வரிசையில் நின்ற மற்றவர்கள் திடீரென்று டின் டப்பாக்களின் மேலிருந்த எழுத்துகளை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்கள்.

நபாச்சி கையிலிருந்த சில்லறையை எண்ணினாள்.

பதில் தெரிந்தால்தானே சொல்வதற்கு...

எல்லாம் ஒரு டெலிபோன் மணியில்தான் ஆரம்பித்தது.

கிங்கயுக் என்ற அந்தப் பனிக்கடலோர ஊரின் ரேடியோ என்பது ஒரு தகரக் கொட்டகை. ஒரு மைக். ஒரு டெலிபோன். இருமுகிற ஒரு ஹீட்டர். நபாச்சிதான் ஆபரேட்டர். பிங்கோ ஆட்டத்தின் பரிசு எண்கள், பிறந்தநாள் வாழ்த்து, 'என் நாயைக் கண்டவர்கள் கட்டி வைக்கவும்'... எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் ஊருக்குப் போகும்.

பனிக்கடலுக்கு வேட்டைக்குப் போன அவள் கணவன் லைப்பா திரும்பவில்லை. ஊர் ஆண்கள் அத்தனை பேரும் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளில் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மணி அடித்தது.

"நான்தான் தங்கச்சி, சிமியோனி. என்னை லைன்ல விடு. ஊருக்கு ஒரு சேதி சொல்லணும்."

சிமியோனி கூமுக். அந்த வடகோடித் தொகுதியின் எம்.எல்.ஏ. இரண்டு நாள் முன்புதான் ஊரிலிருந்து பிளேன் ஏறியவர், தெற்கே பெருநகரத்திலிருந்து பேசினார்.

அவள் ஸ்விட்சைத் தட்டினாள்.

"தேடுறதை நிறுத்துங்கப்பா." குரல் தழுதழுத்தது. "லைப்பாவை இங்க பார்த்தேன். என் கண்ணால பார்த்தேன். ஒரு பார்ல உக்காந்திருக்கான். பக்கத்துல ஒரு பொம்பளை. நபாச்சி... நீ கேட்டுட்டு இருப்பேன்னு தெரியும். மன்னிச்சுக்கம்மா."

அவள் விரல் ஸ்விட்சின் மேலேயே இருந்தது. தன் மானம் ஊருக்குப் போக வழிவிட்டதே அவள்தான்.

தேடல் நின்றது. பக்கத்து ஊர் வரை பனியில் போய், அங்கே பிளேன் ஏறியிருப்பான் என்று ஊரே கணக்குப் போட்டுக்கொண்டது. எம்.எல்.ஏ. சொன்னால் யார் மறுப்பது?

தேடப் போனவர்களில் கடைசியாகத் திரும்பி வந்தவர் மார்கூசி. மீசையில் பனிக்கட்டி தொங்கியது.

"அம்மா, எனக்கு மட்டும் மனசு ஒப்பலை."

"போய்ச் சூடா டீ குடிடா, மகனே," என்றாள் நபாச்சி.

மார்கூசிக்கு அறுபது வயது. அவளுக்கு முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு. ஆனால் அவருடைய தாய் செத்த வருடம் பிறந்த குழந்தை அவள். அந்தத் தாயின் பெயர் இவளுக்கு வந்தது. பெயரோடு தாயும் வந்துவிட்டாள். அதனால்தான் பல் விழுந்த மகன் அவளுக்கு வருடத்தின் முதல் கடல்நாய்க் கறியைக் கொண்டுவந்து வைப்பான்.

கிங்கயுக்கில் செத்தவன் பெயர் சும்மா கிடக்காது. அடுத்த குழந்தை தூக்கிக்கொள்ளும்.

உயிரோடு இருப்பவன் பெயரை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அது அவனை 'சீக்கிரம் கிளம்பு' என்று சொல்வது மாதிரி.

சிமியோனி ஊர் திரும்பினார். வாராவாரம் ரேடியோவில் அவருக்கு ஒரு மணி நேரம் உண்டு. எதிர் நாற்காலியில் நபாச்சி உட்கார்ந்தாக வேண்டும்.

கிங்கயுக்கில் சாராயத்துக்குத் தடை. அந்தத் தடைக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தவரே சிமியோனிதான். மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுவார்.

"நம்ம பிள்ளைங்களை பாட்டில் தின்னுது மக்களே..."

அழும்போது புதினா மிட்டாய் வாசம் வரும். அதற்குப் பின்னால் இன்னொரு வாசமும் வரும். மைக்கின் பஞ்சில் எச்சில் நூலாகத் தொங்கும். அவர் போனபிறகு அதை நபாச்சிதான் துடைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கையை மூன்று தடவை கழுவுவாள்.

போகும்போது ஒரு உறைந்த மீனை அவள் மடியில் வைப்பார். தோளில் கையை வைப்பார். கை உடனே எழாது.

"ஆம்பிளை இல்லாத வீடு. சாப்பிடு தங்கச்சி."

அவள் அதை நாய்களுக்குப் போட்டுவிடுவாள். அந்த ஊரில் சிமியோனியை மனதார விரும்பியவை அந்த நாய்கள்தான்.

இரவுகளில் அவளுக்கு ஒரே யோசனை. லைப்பா ஓடிப்போகிற ஆளா? விமானத் திடலில் சாமான் இறக்குகிற வேலை அவனுக்கு. வேட்டைக்குப் போவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சொன்னான்.

"எம்.எல்.ஏ. பெட்டிங்க கிலுகிலுங்குது நபாச்சி. சட்டசபைப் பேப்பர் எங்கயாவது கிலுகிலுங்குமா?"

"உனக்கெதுக்கு வம்பு?"

"கேட்டுட்டுதான் வேட்டைக்குப் போவேன்."

உயிரோடு இருக்கிறானா, இல்லையா? திட்டுவதா, அழுவதா? இரண்டில் ஒன்றைச் செய்ய அனுமதி கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

வசந்தம் வந்தது. சூரியன் கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி வானத்திலேயே நின்றது.

அந்த வாரம் சிமியோனி கறுப்புக் கோட்டுப் போட்டு வந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

"லைன் போடு தங்கச்சி. நீ மனசைத் திடப்படுத்திக்கோ."

"என்ன சேதி?"

"ஊரோட சேர்ந்து கேளும்மா."

சிவப்பு விளக்கு எரிந்தது.

"மக்களே, நேத்து தெற்கேயிருந்து எனக்குத் தகவல் வந்துச்சு. நம்ம லைப்பா போயிட்டான். முந்தாநாள்... குடிச்சுக் குடிச்சே, ரோட்டோரத்துல செத்துக் கிடந்தானாம். பாட்டில் தின்னுடுச்சு மக்களே."

நபாச்சிக்கு அழுகை வரவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். ஈரமான கைக்குட்டைக்கு மேலே இருந்த கண்கள் காய்ந்து கிடந்தன.

"உடம்பு எங்க?" என்றாள், மைக்கிலேயே.

"அங்கயே புதைச்சுட்டாங்கம்மா. நான் பேசிப் பார்த்தேன்..."

டெலிபோன் அடித்தது.

துக்கம் விசாரிக்க யாரோ. வழக்கம்போல் நேராக லைனில் விட்டாள்.

"ஹலோ? நபாச்சி அக்காவா?"

சிமியோனியின் மகள் மீலியா. பிரசவத்துக்காகத் தெற்கே ஆஸ்பத்திரிக்குப் போனவள். குழந்தைக்கு இருமல் பிடித்துக்கொண்டதால் இன்னும் அங்கேயே இருந்தாள். மறுநாள் பிளேனில் வரவேண்டியவள்.

சிமியோனி நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"மீலியா, அப்புறம் பேசலாம்மா. இது துக்க நேரம்."

"அப்பா, நீங்களும் இருக்கீங்களா? திட்டாதீங்க, நேர்ல வந்துதான் சொல்லணும்னீங்க, என்னால இதுக்கு மேல வாயை மூடிட்டு இருக்க முடியல." மீலியா சிரித்தாள். "அக்கா, அழாதீங்க. உங்க வீட்டுக்காரர் எங்கிட்டதான் வந்திருக்காரு. பொறந்தது பொண்ணுதான். ஆனா லைப்பாதான். பால் குடிக்கும்போது ஒத்தைப் புருவத்தைத் தூக்குது, அக்கா."

சிமியோனியின் கை ஸ்விட்சை நோக்கிப் பாய்ந்தது.

நபாச்சி முந்திக்கொண்டாள். தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்தினாள். அவர் நகம் அவள் மணிக்கட்டில் இறங்கியது.

அவள் கை எழவில்லை.

"மீலியா, குழந்தைக்கு இந்தப் பேரை எப்ப வச்சே?"

"பொறந்த அன்னிக்கேதான் அக்கா. பல்லே முளைக்கப் போகுது இப்ப."

"யார் வைக்கச் சொன்னது?"

"அப்பாதான். நான் வலிக்காகக் காத்துக் கிடந்தேன் பாருங்க, அப்ப இங்க வந்தாரு. ஆஸ்பத்திரி வராந்தாவுலயே நம்ம ரேடியோவுக்கு போன் பண்ணிட்டு, நேரா என் கட்டிலுக்கு வந்தாரு. முகமெல்லாம் வேர்த்திருந்துச்சு. யாருக்கு போன்னு கேட்டேன். லைப்பா செத்த சேதியை ஊருக்குச் சொன்னேன்னாரு."

கொட்டகையில் ஹீட்டர்கூட இருமலை நிறுத்தியது.

ஊரில் அந்த நேரத்தில் எந்தச் சமையலறையிலும் யாரும் மெல்லவில்லை.

"ஆனா அன்னிக்கு..." நபாச்சி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "அன்னிக்கு எங்ககிட்ட, லைப்பா உயிரோட இருக்கான், தேடாதீங்கன்னு சொன்னாரும்மா."

மறுமுனையில் மீலியாவின் சிரிப்பு நின்றது.

"அப்பா?"

"அது வந்து..." சிமியோனி நாக்கால் உதட்டைத் துழாவினார். "உயிரோட இருக்கறவன் பேரையும் மரியாதைக்கு வைக்கலாம். வடக்குப் பக்கம் சில ஊர்ல..."

டெலிபோனின் இரண்டாவது லைன் அடித்தது. நபாச்சி தட்டினாள்.

"நான் மார்கூசி. நமக்கு வடக்கே எந்த ஊருடா இருக்கு, சிமியோனி? கரடிங்க பேர் வைக்குதா?"

அடுத்த மணி.

"யோவ் எம்.எல்.ஏ., முந்தாநாள் செத்தவன் பேரு பல் முளைக்கிற குழந்தைக்கு எப்படிய்யா வந்துச்சு? நீந்திப் போச்சா?"

அடுத்த மணி. அதில் யாரும் பேசவில்லை. காறித் துப்புகிற சத்தம் மட்டும் வந்தது. ஊர் முழுக்கக் கேட்டது.

சிமியோனி எழுந்தார். கதவைத் திறந்தார். வெளியே அக்கம்பக்கத்துப் பெண்கள் டீக்கப்பும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் வழிவிடவில்லை. கதவை மூடிவிட்டுத் திரும்பினார்.

"அப்பா..." மீலியாவின் குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "லைப்பா கனவுல வந்து குடிக்கத் தண்ணி கேக்குறாரு, பேரு வச்சாதான் அடங்குவாருன்னு அழுதீங்களே. அதுக்குத்தானே வச்சேன். அப்புறம் நின்னுடுச்சா?"

சிமியோனி கைக்குட்டையை மடித்தார், பிரித்தார்.

"நின்னுடுச்சாப்பா?"

"நிக்கலை." சிமியோனி மைக்கைப் பார்த்துச் சொன்னார். மகளைப் பார்ப்பது மாதிரி. "நிக்கலைம்மா. தினமும் வர்றான். தலைமுடியெல்லாம் பனிக்கட்டி. தண்ணி கேக்குறான். கடலையே குடிச்சவனுக்கு இன்னும் தாகம் அடங்கலை."

"எந்தக் கடல்?" என்றாள் நபாச்சி.

"பெட்டிக்குள்ள என்னன்னு வந்து கேட்டான். பாட்டிலையெல்லாம் ரெண்டு பேருமாப் போய்க் கொட்டிடலாம்னு கூப்பிட்டேன். நம்பி வந்தான். நல்லவன். பனி விளிம்புல குனிஞ்சு பெட்டியைத் திறந்தான்..." உதட்டை மறுபடி நக்கினார். "லேசாத்தான் தள்ளினேன்."

நபாச்சி குப்பைக் கூடையை இழுத்து, அதற்குள் வாந்தி எடுத்தாள்.

அதையும் ஊர் கேட்டது.

தேடிக்கொண்டிருந்தவர்களை ஒரு போனில் நிறுத்தியவர். செத்தவனுக்கு ஒரு பார் கட்டி, பக்கத்தில் ஒரு பெண்ணையும் உட்காரவைத்தவர். அவனைத் தள்ளிய கையால் அவள் தோளைத் தடவியவர். அவர் கொண்டுவந்து வைத்த மீன்கள் எந்தத் தண்ணீரில் பிடித்தவை என்று நினைத்தபோது கூடையை மறுபடி இழுத்துக்கொண்டாள்.

ஊர்ப் போலீஸ்காரர் தன் அறையில் அதே ரேடியோவைக் கேட்டபடிதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தெற்கத்திக்காரர். ஊர்ப் பாஷை தெரியாது. பிங்கோவில் யாருக்கோ பெரிய பரிசு விழுந்திருக்கிறது என்று நினைத்தாராம். மார்கூசி போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

சிமியோனியின் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் சட்டசபை முத்திரை குத்திய பெட்டிகள் கிடைத்தன. உள்ளே பேப்பர் இல்லை. அவர் காட்டிய பனி விளிம்புக்கு வேட்டைக்காரர்கள் போனார்கள். ஆழமில்லாத இடத்தில், தண்ணீருக்கு அடியில், லைப்பாவுக்குப் பின்னாலேயே அவர் தள்ளிவிட்ட மஞ்சள் ஸ்னோமொபைல் தெரிந்தது.

மறுநாள் பிளேன் வந்தது. ஊரே திடலில் நின்றது.

மீலியா கடைசியாக இறங்கினாள். அங்கியின் முதுகுப் பையில் குழந்தை. அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. நேராக நபாச்சி முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா... பேரை மாத்திடட்டுமா? கொன்னவர் வீட்டு ரத்தம்க்கா இது. உங்களுக்கு அருவருப்பா இருந்தா சொல்லிடுங்க."

நபாச்சி எட்டிப் பார்த்தாள்.

சிமியோனியின் மோவாய். அப்படியே அச்சு. ஒரு அடி பின்னால் வைத்தாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் கை கொடுத்து ஏற்றுக்கொள்ளாவிட்டால், பெயருக்கு வீடு இல்லை. லைப்பா மறுபடி தண்ணீருக்குத்தான் போகவேண்டும்.

குழந்தை அவளை உற்றுப் பார்த்தது. ஒற்றைப் புருவம் மேலே ஏறியது.

நபாச்சி கையுறையைக் கழற்றினாள். அந்தச் சின்னக் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"ரொம்ப நாள் ஊர் சுத்திட்டு வந்திருக்கீங்க," என்றாள். "வீட்டுக்கு வர வழி இப்பதான் தெரிஞ்சுதா?"

அதற்குப் பிறகுதான் அழுதாள். வாய்விட்டு, அனுமதி கிடைத்தவள் மாதிரி.

மார்கூசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்னால் வந்து கையை நீட்டினார்.

"இது அம்மான்னா, அது எனக்கு அப்பா." பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டார். "யாராவது எங்கப்பாவுக்குத் துணி மாத்துங்கப்பா. நாத்தம் தாங்கல."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு பாதியில் அறுந்தது.

சிமியோனியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கையில் விலங்கு. தலைநகரிலிருந்து அதே பிளேனில் அவரைக் கொண்டுபோக வந்திருந்த போலீஸ்காரன் இளைஞன், ஊருக்குப் புதியவன், நல்ல சுபாவம். போகும் வழியில் குழந்தையைப் பார்த்து நின்றான். கைதிக்கும் ஒரு நிமிடம் கொடுக்கலாம் என்று நினைத்தான்.

"உங்க பேத்தியா சார்? அழகா இருக்கா. பேர் என்ன?"

ஊரே சிமியோனியின் வாயைப் பார்த்தது.

உதடு ஒருமுறை திறந்தது. நாக்கு வெளியே வந்து துழாவியது. உள்ளே போயிற்று. அவர் திரும்பினார். தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் பிளேனின் படிகளில் ஏறிப் போனார்.

தான் எதைத் தப்பாகக் கேட்டோம் என்று புரியாமல் அந்த இளைஞன் பின்னாலேயே ஓடினான். பாவம்... வேலைக்குச் சேர்ந்த புதிது. முதல் கேள்வியிலேயே விசாரணையை முடித்துவிட்டது அவனுக்குத் தெரியாது.