கடை உண்டு

நெடுங்குளத்துக் கரைக்கு நாங்கள் மூன்று பேரும் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் முழுசாகப் போயிருக்கவில்லை. மேற்கே மேகத்துக்கு அடியில் கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. வண்டிப்பாதையில் இருந்த ஓடைப்பாலம் மத்தியானமே உடைந்துவிட்டது. இனி அக்கரைக்குப் போக இந்தக் குளத்துக்கரை ஒன்றுதான் வழி.

அக்கரையில் என் வீட்டில் என் தங்கை அழகியநாயகி பட்டுடுத்திக் காத்திருந்தாள். ராத்திரி முகூர்த்தம். மாப்பிள்ளை பொன்னுலிங்கமோ என் பக்கத்தில் நின்று வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

கல்யாண மாப்பிள்ளைக்கு அந்த நேரத்தில் குளத்துக்கரையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கும் அந்த ஆத்திரம் இருந்தது. அவன் எங்கள் தொழில்காரன், விசேஷங்களுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு சுமக்கிற காஸ்லைட்காரன். தன் கல்யாணத்துக்கு வேறொருவன் வாங்கும் மேண்டில், விளக்கில் கட்டுகிற திரித்துணி, சரிப்படாது என்று காலையில் தானே நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறியிருக்கிறான். திரும்பி வந்த பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அவன் வீட்டு ஆட்கள் பாலம் உடையும் முன்பே வண்டியில் போய்விட்டார்கள். அவனைக் கூட்டிவர நானும் எங்கள் சங்கத் தலைவர் ரசலையன் அண்ணாச்சியும் ஆளுக்கொரு விளக்கோடு இந்தப் பக்கம் தங்கினோம்.

சங்கம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கோட்டாறில் ஒரு அரிசிக் கடைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு பெஞ்சு, பொழுது விடிந்தால் சண்டை. கோயில் கொடையானாலும் சர்ச் கன்வென்ஷன் ஆனாலும் யார் விளக்கு எந்த ஊருக்குப் போவது என்று அங்கேதான் முடிவாகும். இந்துவும் கிறிஸ்தவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரையொருவர் வைவோம். ஆனால் உறுப்பினர் வீட்டு விசேஷம் என்றால் எல்லா விளக்கும் அங்கே போய்விடும், வாடகை கிடையாது. அன்றும் என் வீட்டு வாசலில் மற்றவர்கள் விளக்குகளை ஏற்றிவிட்டு மாப்பிள்ளைக்குக் காத்திருந்தார்கள்.

அழகிக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயம் முறிந்திருந்தது. அதில் அவள் தப்பு ஒன்றுமில்லை, ஆனால் ஊர் அவளைத்தான் சொன்னது. இன்றும் மாப்பிள்ளை வரவில்லை என்றால் அப்புறம் அவள் வெளியில் தலைகாட்ட முடியாது. எனக்கு அந்த ஒரு நினைப்புதான்.

“வேற வழியே இல்லியா?” என்று கேட்டார் ரசலையன் அண்ணாச்சி. அவர் குளத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“இருந்தா சொல்லும். போவோம்,” என்றேன்.

அவர் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் இதே கரையில்தான் எங்கள் ஜெபசீலன் செத்தான். அதன் பிறகு, இருட்டியபின் நெடுங்குளத்துக் கரையில் யாரும் விளக்கெடுக்கக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருந்தோம். எங்கள் சங்கத்தில் சண்டையில்லாமல் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

அவன் செத்த விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். காஸ்லைட்டைத் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. விளக்கு சாய்ந்தால் தீ மேலே ஏறும். பின்னால் வருகிற விளக்கைப் பார்த்தால் கண் கூசும், அடுத்த அடி எங்கே வைப்பது என்று தெரியாது. அதனால் ஒற்றை வரிசையில் போகும்போது முன்னால் போகிறவர் அடிக்கடி “பின்னே?” என்று கூப்பிடுவார். நடுவில் வருகிறவர்கள் “உண்டு” என்பார்கள். கடைசி ஆள் மட்டும் “கடை உண்டு” என்பான். இதைக் கேட்டு, பக்கத்தில் காப்பிக்கடை இருக்கிறதாக்கும் என்று எங்கள் பின்னாலேயே நடந்து வந்த மனிதர்கள் உண்டு.

அன்று ஜெபசீலன் கடைசியில் வந்தான். கரை முழுக்க அவன் குரல் கேட்டது. அக்கரை சேர்ந்து விளக்குகளை இறக்கும்போது ஆளைக் காணோம். மறுநாள் மடைக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு அடியில், விளக்கைத் தலையோடு இரண்டு கையாலும் பிடித்தபடி கிடந்தான். மடை இருப்பது நடுக்கரையில், அங்கேயே விழுந்திருக்கிறான். அதற்கப்புறம் அக்கரை வரைக்கும் “கடை உண்டு” என்று சொன்னது யார் என்று சங்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. மண்ணெண்ணெய்யில் தண்ணீர் கலக்கிற வியாபாரிகளைத்தான் நம்புவேன். எனவே காற்றடித்து விளக்குகளை ஏற்றினோம். முன்னால் ரசலையன் அண்ணாச்சி, பின்னால் நான். மாப்பிள்ளை விளக்கு சுமக்கக் கூடாது என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொன்னதால் பொன்னுலிங்கம் வெறுங்கையோடு நடுவில் நடந்தான். விளக்கு இல்லாதவன் குரல் கொடுக்க வேண்டியதில்லை.

கரை ஒரு ஆள் நடக்கிற அகலம். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் குளம். தவளைச் சத்தம் காதை அடைத்தது. சேறும் அழுகிய தாமரை இலையும் நாறின. தலைக்கு மேலே விளக்கு உஸ்ஸென்று ஒரே சீராக இரைந்தது.

“பின்னே?”

“கடை உண்டு,” என்றேன்.

பொன்னுலிங்கம் சிரித்தான். “மச்சான், ஒம்ம தங்கச்சி கோவத்துல இருப்பாளா?”

“நீ போய்க் கேளு. எனக்கு வாங்கிக் கட்டிக்கிட முடியாது.”

மடை நெருங்கியது. தவளைகள் ஒரேயடியாக நின்றன.

“பின்னே?”

“கடை உண்டு.”

“கடை உண்டு.”

இரண்டாவது குரல் என்னுடையது அல்ல.

எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

எதிரொலி என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் இன்னொரு இரைச்சலும் கேட்டது. என் விளக்கின் இரைச்சல் சீரானது. இது காற்றுக் குறைந்த விளக்கு, விட்டு விட்டு இழுத்தது. ஈரத் திரித்துணி தீய்ந்ததுபோல ஒரு வாடை வந்தது.

பிறகு என் நிழலைப் பார்த்தேன்.

விளக்கைத் தலையில் வைத்திருக்கிறவனுடைய நிழல் அவனுக்கு முன்னால் விழாது. என் நிழல் எனக்கு முன்னால், பொன்னுலிங்கத்தின் குதிகால் வரை, மெலிதாக நீண்டு கிடந்தது.

எனக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தது.

“பின்னே?” என்றார் அண்ணாச்சி. வழக்கத்தைவிடச் சீக்கிரமே கூப்பிட்டார். அவரும் கேட்டிருக்கிறார்.

இங்கேதான் நான் கெட்டேன். பத்து வயசிலிருந்து சுமந்த பழக்கம். பின்னால் விளக்கு இருந்தால் நான் நடு ஆள். நடு ஆள் சொல்ல வேண்டிய வார்த்தை என் புத்தியைக் கேட்காமலே வாயில் வந்துவிட்டது.

“உண்டு,” என்றேன்.

“கடை உண்டு,” என்றது பின்னால் வந்த குரல். இப்போது என் தோளுக்குப் பக்கத்தில், நிம்மதியாகச் சொன்னது. அவனுக்கு வரிசையில் இடம் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது.

“நடங்கப்பா. நிக்காதீங்கோ,” என்றார் அண்ணாச்சி. அவர் ஏதோ ஜெபம் முணுமுணுத்துக்கொண்டே வேகமாக நடந்தார்.

அப்போது அது கேட்டது. மிகவும் களைத்த குரல்.

“மக்கா. ஒண்ணு இறக்கி விடு.”

எங்கள் தொழிலில் அந்த வார்த்தையைத் தட்டவே கூடாது. தலையில் எரிகிற விளக்கை ஒருவன் தனியாக இறக்கினால் சூடான கண்ணாடி கையைச் சுட்டுவிடும். அதனால் எவன் கேட்டாலும், வெறுங்கையோடு இருக்கிறவன் இறக்கி விட வேண்டும். சங்கத்தில் பேச்சுவார்த்தை இல்லாதவனாக இருந்தாலும் இறக்கி விட வேண்டும். அங்கே வெறுங்கையோடு இருந்தவன் ஒருவன்தான்.

பொன்னுலிங்கம் நின்றான். திரும்பினான்.

“மாப்ள, திரும்பாதே,” என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, எனக்குப் பின்னால் பார்த்தான். இரண்டு கையையும் உயர்த்தினான். அவன் முகத்தில் பயமே இல்லை. ஒரு கூட்டாளி சுமையோடு நிற்பதைப் பார்க்கிற முகம். என்னைச் சுற்றிக்கொண்டு போவதற்காகக் குளத்துப் பக்கம் ஒரு காலை வைத்தான். சேறு சரிந்தது.

என் இரண்டு கையும் விளக்கில் இருந்தன.

விளக்கைக் குளத்தில் எறிந்தேன். எங்களுக்கு அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அது தண்ணீரில் சீறி அவிந்தது. நான் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன்.

என் விளக்கு போயும் எங்கள் மேல் வெளிச்சம் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

“விடும் மச்சான்,” என்றான் பொன்னுலிங்கம் மெதுவாக. “ஆளு ரொம்ப நேரமா நிக்கான்.”

“அழகி காத்திருக்காடே,” என்றேன். என் குரல் அழுகையாக வந்தது. “அவ காத்திருக்கா. நீ வா.”

“பின்னே?” என்று முன்னாலிருந்து அண்ணாச்சி கூப்பிட்டார்.

“கடை உண்டு!” என்று கத்தினேன். “கடை நான்தான். எனக்குப் பின்னால ஆரும் இல்ல!”

வெளிச்சம் போய்விட்டது. தவளைகள் மறுபடி கத்தத் தொடங்கின. பொன்னுலிங்கத்தின் உயர்ந்த கைகள் மெல்ல, மிக மெல்லக் கீழே வந்து அவன் தலையின் இரு பக்கமும் நின்றன. தலையைத் தடவிக்கொள்கிறான் என்று நினைத்தேன். அவனை எனக்கு முன்னால் விட்டு, அண்ணாச்சியின் விளக்கைப் பார்த்துக்கொண்டு மீதிக் கரையை நடந்தோம்.

முகூர்த்தம் தவறவில்லை. வாசலில் சேறும் சகதியுமாக எங்களைக் கண்டதும் அழகி எல்லார் முன்னிலையிலும் அழுதுவிட்டாள். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை. தாலி கட்டும்போது மாப்பிள்ளை குனியவே இல்லை. முழங்காலை மடித்துத் தணிந்து கட்டினான். “தாலி கட்டுகதுக்கே குனியாத மாப்பிள்ளை, நாளைக்கு ஒனக்கா குனியப் போறாவ?” என்று பெண்கள் அவளைக் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள்.

அதன் பிறகு அவன் தொழிலுக்கு வரவில்லை. புதுமாப்பிள்ளை என்று சங்கத்தில் கிண்டலடித்தார்கள். நானும் அப்படியே விட்டிருப்பேன். கார்த்திகையில் ஒரு நாள் ரசலையன் அண்ணாச்சி என்னைத் தனியாக அழைத்தார். “ஓய் தாணப்பன், அவனைப் போய்ப் பாத்தேன். உக்காந்த வாக்கிலே ஒறங்குகான். கழுத்து மடங்கல்ல. அந்தியானா ‘ஒண்ணு இறக்கி விடு’ன்னு சொல்லுகான். எனக்குக் கை நீட்டத் தைரியம் வரல்ல. ஒம்ம தங்கச்சிகிட்ட சொல்லி வையும், என்ன கேட்டாலும் தொடாண்டாம்னு.”

அந்த மத்தியானமே வண்டி பிடித்து அவன் வீட்டுக்குப் போனேன். பாலத்தைக் கட்டியிருந்தார்கள். நல்ல வெயில். வாசல் திறந்திருந்தது. உள்ளே பாயில் பொன்னுலிங்கம் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்துக்குக் கை கொடுத்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். கழுத்து நன்றாக மடங்கியிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

“அழகி,” என்று கூப்பிட்டேன். “மாப்ளைக்குச் சொகமாயிட்டே. ஆரு வைத்தியம்?”

அடுக்களையின் நிலை தணிவானது. எல்லாரும் குனிந்துதான் வர வேண்டும். என் தங்கை குனியவில்லை. முதுகும் கழுத்தும் நேராக இருக்க, முழங்காலை மட்டும் மடித்து, ஒரு கையைத் தலைக்கு மேலே பிடித்தபடி மெதுவாக வெளியே வந்து நின்றாள்.

“பாவமா இருந்து அண்ணே,” என்றாள். “நேத்து நான்தான் இறக்கி விட்டேன்.”

வியர்வை அவள் நெற்றியிலிருந்து வழிந்து கண்ணில் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை.

அதற்குள் என் இரண்டு கையும் மேலே எழுந்துவிட்டன.