நீலத் துண்டு

துண்டில் ஒரு முகம் விழுந்திருந்தது.

பருக் கிரீம் பூசின முகத்தைத் துடைத்தால் துணியின் சாயம் போகும், அது சைமிக்குத் தெரிந்ததுதான். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் ஒரு தலையணை உறைகூட உருப்படியாக இல்லை. ஆனால் எப்போதும் திட்டுத்திட்டாகத்தான் வெளுக்கும். இன்றைக்கு நீலத்தில் இரண்டு கண், மூக்கு, மூடிய வாய் என்று அச்சாக அவள் முகம்.

குளிர்காலம்; மதியம் மூன்றரைக்கே வெளியே இருட்டிவிட்டது. சனிக்கிழமை என்பதால் குளியலறையை ஒட்டிய சவுனாவில், அந்த மரப்பலகை வெந்நீராவி அறையில், அவள் அப்பா யார்மோ கல் அடுப்பைப் போட்டிருந்தார். கற்கள் சூடேறிச் சடசடக்கும் சத்தமும், பலகைகளின் மர வாசனையும், அதற்கடியில் பெட்ரோல் பங்க்கில் கார்க் கண்ணாடியை இறக்கினால் வருமே, அந்தத் தித்திப்பு நெடியும் கதவிடுக்கு வழியே வந்துகொண்டிருந்தன. நெடி மட்டும் சவுனாவுக்குள், அடுப்பை ஒட்டிய சுவர் மாடத்திலிருந்து வந்தது. மாடத்தில் அவளுடைய மூன்று கிரீம் ட்யூப்கள். மூன்றும் உப்பியிருந்தன.

"குளிர்ச்சியா வைம்மா," என்று காலையில்தான் மருந்துக்கடைக்காரம்மா சொல்லியிருந்தாள். "சூடு பட்டா உள்ள பென்சீன் ஊறும். புத்துநோய் கொண்டுவர்ற விஷம் அது."

"அப்பா, அடுப்ப அணைங்க!"

"ஏன்டி? எங்கப்பா செத்த சனிக்கிழமைகூட இந்த வீட்டுல சவுனா நிக்கல."

"உங்க சவுனா என் கிரீம வேகவைக்குதுப்பா. ரெண்டு வருஷமா அதத்தான் மூஞ்சில பூசறேன், அந்தக் காத்தத்தான் இழுக்கறேன்."

"ஆஃபர்ல மூணா வாங்கினேன். இப்ப ஒரு பரு இருக்கா? போவியா!" என்று சிரித்துக்கொண்டே பியர் எடுக்கப் போனார்.

பரு போனால் போதுமா? சைமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பை அவளே அணைத்தாள். ட்யூப்களைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, பால்கனிப் பனியில் புதைத்துவிட்டு வந்தாள்.

இப்போது நெடி குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தது.

கற்கள் அடங்கிவிட்டன. சவுனாவுக்குள் வேறொரு சத்தம். யாரோ மூச்சை இழுக்கிற சத்தம். நீளமாக. விடவே இல்லை.

குளியலறைக் கொக்கியில் மாட்டியிருந்த நீலத் துண்டைக் காணோம்.

போய்விடலாமா? தான் எதற்குப் போக வேண்டும்? கதவைத் திறந்து உள்ளே போனாள்.

மேல் பலகையில், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், துண்டு.

"இது என் மூஞ்சி," என்றாள். "என் உடம்பு. உனக்குத் தர மாட்டேன்."

பின்னால் அப்பாவின் காலடி. "சைமி, அணைச்சிட்டியா? தள்ளு, நான் போடறேன்."

"உள்ள வராதீங்க!"

உள்ளிருந்தே கதவைத் தள்ளிச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றாள். அப்பா தள்ளினார். அவள் அசையவில்லை. கண்ணையும் துண்டிலிருந்து எடுக்கவில்லை.

மூடியிருந்த வாய் இப்போது திறந்திருந்தது.