திறக்காத மெயில், திறக்காத கதவு

"ஐயய்யோ... ஓடியாங்களேன்! சைஃபு தம்பி செத்துட்டாரு!"

டீ ஊற்றும் கல்யாணி போட்ட அலறலில் திருவிடந்தை அலைகடல் மருத்துவமனையின் கேன்டீனே எழுந்து நின்றது.

புதன்கிழமை. காலை பதினொன்றே கால்.

மேஜை மேல் கன்னம் பதித்துக் கிடந்தான் சைஃபுல்லா. கண்கள் பாதி திறந்திருந்தன. பக்கத்தில் பாதி குடித்த டீ.

"இன்னா ஆச்சு கல்யாணிக்கா?" என்று ஓடி வந்தான் செக்யூரிட்டி சடையப்பன்.

"டீ குடிச்சிகினே இருந்தாரு... அப்டியே சாஞ்சிட்டாரு!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்தவன் ஆனந்தன். சைஃபுல்லாவோடு வேலை பார்ப்பவன். மூக்கருகே விரல் வைத்தான்.

"மூச்சு இருக்கு! சீக்கிரம் ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க!"

குரலில் பதற்றம்.

உள்ளே? குளுகுளுவென்று இருந்தது!

தூக்க மாத்திரை கலந்தவனே அவன்தானே... சாகமாட்டான், இரண்டு மணி நேரம் தூங்குவான் என்பது அவன் போட்ட கணக்கு.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றுகிற சாக்கில், சைஃபுல்லாவின் கழுத்தில் தொங்கிய கார்டை உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். யாரும் பார்க்கவில்லை.

ஏன் இந்தப் படுபாதகம்?

பொறாமை. வேறென்ன!

நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. இந்த மருத்துவமனைக்குப் புது கம்ப்யூட்டர் சிஸ்டம் போட்டுத் தருவது அவர்கள்தான். ஆனந்தனுக்கு அங்கே பதினோரு வருட சர்வீஸ். எட்டு மாதம் முன்னால் டீம் லீடர் பதவி வந்தபோது, அது அவனைத் தாண்டி இன்னொருத்திக்குப் போனது.

அந்த இன்னொருத்தி பிரபா.

கூடுவாஞ்சேரியில் ஒரே வீட்டில், ஒரே குக்கரில் பொங்கிய சோற்றை அவனோடு பங்கு போட்டுச் சாப்பிடுகிற பிரபா. அவன் மனைவி!

"கங்கிராட்ஸ்" என்று வாய் சொன்னது. வயிறு எரிந்தது. அன்றிலிருந்து அவள் அனுப்பும் ஆபீஸ் மெயில் எதையும் அவன் திறப்பதில்லை. எல்லாம் தானாகத் தனி ஃபோல்டருக்குப் போய் விழும்படி செய்துவிட்டான். நேற்று வரை நூற்று நாற்பத்து மூன்று... படிக்காமல் கிடந்தன.

போதாக்குறைக்கு இந்த சைஃபுல்லா!

"சைஃபு, நீங்க இல்லன்னா இந்த ப்ராஜெக்டே இல்ல" என்று போன வாரம் எல்லார் முன்னாலும் சொன்னாள் பிரபா. மருத்துவமனையின் சர்வர் ரூமுக்குள் போக இரண்டே பேர் கார்டுக்குத்தான் அனுமதி. பிரபா, சைஃபுல்லா. புருஷனுக்குக் கிடையாதாம்! அன்று இரவு ஆனந்தனுக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னங்க... சைஃபு எப்படி இருக்காரு?"

வராண்டாவில் மூச்சிரைக்க வந்து நின்றாள் பிரபா.

"தூங்கறான். பல்ஸ் நார்மல்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பின்னாலேயே வந்தார் நிர்வாக அதிகாரி ராஜேந்திரன். நெற்றியில் விபூதி. கையில் கடிகாரம்.

"மேடம், பன்னெண்டுக்கு ராகு காலம் பொறந்துடும். சேர்மன் வேற ஹால்ல உக்காந்துட்டாரு. பதினொன்னு அம்பதுக்குள்ள புது சிஸ்டத்தை ஆன் பண்ணியே ஆகணும்!"

"சைஃபு இல்லாம எப்படி சார்..."

"நான் இருக்கேன்ல?" என்றான் ஆனந்தன், நெஞ்சை நிமிர்த்தி.

பிரபா அவனையே ஒரு விநாடி பார்த்தாள்.

"ஹாலுக்கு வந்துடுங்க. லேட் பண்ணாதீங்க. நேத்து அனுப்பின மெயிலைப் படிச்சீங்கல்ல?"

"படிச்சேன், படிச்சேன்!"

பச்சைப் பொய்.

பதினொன்று நாற்பது. சைஃபுல்லாவின் கார்டைக் காட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. சர்வர் ரூம் கதவு திறந்து, அவனை விழுங்கிவிட்டுத் தானே மூடிக்கொண்டது.

லேப் மெஷின் ஒரு பாஷை பேசும். மருந்துக் கிடங்கு ஒரு பாஷை. கதவுப் பூட்டு இன்னொரு பாஷை. இத்தனை பேரையும் மருத்துவமனையின் மூளையான ஜாவா அப்ளிகேஷன் சர்வரோடு பேச வைக்கும் மொழிபெயர்ப்பாளனுக்குப் பெயர் அடாப்டர். சர்வரின் பொது இடத்தில் ஒரு ஃபைலாக உட்கார்ந்திருக்கும். அங்கே கோளாறான ஒன்றை வைத்துவிட்டால், சேர்மன் கண்ணெதிரே பிரபாவின் புது சிஸ்டம் திக்கித் திணறும்.

அவள் கை பிசைந்து நிற்பாள். சைஃபு இருக்க மாட்டான்.

அப்போது ஆனந்தன் எழுந்து போய், நல்ல அடாப்டரைத் திரும்பப் போட்டுக் காப்பாற்றுவான். "அடடா, இவரல்லவோ லீடர்!" என்று சேர்மன் தோளில் தட்டுவார். ஜெயித்தவனை யார் விசாரிக்கப் போகிறார்கள்?

பென் டிரைவில் இரண்டு ஃபைல்கள். கெட்டது ஒன்று, நல்லது ஒன்று. கெட்டதை ஏற்றினான்.

திரையில் எழுத்து ஓடியது. டிப்ளாய் முடிந்தது!

சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்து கார்டைக் காட்டினான்.

சிவப்பு விளக்கு.

மறுபடியும் காட்டினான்.

சிவப்பு!

செல்போன் அலறியது. பிரபா.

"எங்கங்க இருக்கீங்க? எல்லாரும் உங்களுக்காக வெயிட் பண்றோம்!"

"கார்... கார் பார்க்கிங்ல. ரெண்டு நிமிஷம்!"

"நேரமில்லையே... சரி, ராஜேந்திரன் சார் அவசரப்படறாரு. நானே ஆன் பண்ணிடறேன்."

ஆனந்தன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். இதோ... இப்போது திணறும். இதோ!

கேட்டது கைதட்டல்!

"சூப்பர் மேடம்! லேப் ரிசல்ட் அப்படியே வருது பாருங்க!" என்று ராஜேந்திரனின் குரல்.

போன் துண்டிக்கப்பட்டது.

ஆனந்தன் திரையைத் திரும்பிப் பார்த்தான். எப்படி ஓடுகிறது? கெட்ட அடாப்டரைத்தானே போட்டேன்! கதவைத் தோளால் இடித்தான். அசையவில்லை. ஏசி இரைந்துகொண்டிருந்தது. அந்தக் குளிரிலும் வேர்த்தது.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் போன்.

"என்னங்க... ஆஸ்பத்திரில கார்டு வெச்சுத் திறக்கற ஒரு கதவும் திறக்கல!" பிரபாவின் குரல் உடைந்திருந்தது. "சைஃபுக்கு மூச்சு குறைஞ்சுட்டே போகுது. வென்டிலேட்டர் ஐ.சி.யு. உள்ள இருக்கு. அந்தக் கதவும் திறக்கல! சாவி மெயின்டெனன்ஸ் ஆள் கிட்ட இருக்காம். அவரு செங்கல்பட்டு போயிருக்காரு!"

"எ... எவ்வளவு நேரம் தாங்கும்?"

"பத்து நிமிஷம்னு டாக்டர் சொல்றாரு... என்னங்க, அது என்ன அங்க அவ்வளவு சத்தம்?"

போனை வைத்துவிட்டான்.

கையில் பென் டிரைவ். நல்ல அடாப்டர் அதில் இருந்தது. போட்டால் கதவு திறக்கும். போடாவிட்டால்...

'சாகட்டுமே!' என்றது எட்டு மாதப் பொறாமை. 'இனி யாரைப் பார்த்து அவள் சைஃபு, சைஃபு என்பாள்?'

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

போன ரம்ஜானுக்கு சைஃபுல்லாவின் அம்மா ஃபக்ருன்னிசா பிரியாணி கொடுத்தனுப்பியது ஞாபகம் வந்தது. ஆனந்தனுக்குக் காரம் ஆகாது என்று தனி டப்பா. அவன் பெயர் எழுதி!

பாய்ந்து போய்க் கீபோர்டைத் தட்டினான். நல்ல ஃபைல் ஏறியது. இரக்கமா, பயமா... அவனுக்கே தெரியாது.

க்ளிக்!

எல்லாக் கதவுகளும் உயிர்பெற்றன. தூரத்தில் ஸ்ட்ரெச்சர் சக்கரங்கள் தடதடத்தன. அப்பாடா என்று கார்டைக் காட்டினான். பச்சை. கதவைத் திறந்தான்.

வெளியே பிரபா!

பக்கத்தில் ராஜேந்திரன். ஓங்கிய கடப்பாரையோடு சடையப்பன்.

"கார் பார்க்கிங்ல ஏசி நல்லா ஓடுதாங்க?" என்றாள் பிரபா.

"பிரபா... நான்... சரி பண்ணத்தான் உள்ள..."

"சைஃபு கார்டை வெச்சா?"

கையில் இருந்த கார்டில் சைஃபுல்லா சிரித்துக்கொண்டிருந்தான்.

"பொது அடாப்டரை யார் தொட்டாலும் என் போனுக்கு அலர்ட் வரும். ரெண்டு தடவை வந்துச்சு. மொத தடவை வந்ததைக் கதவெல்லாம் நின்னப்புறம்தான் பாத்தேன். ரெண்டும் இந்த ரூம்லேர்ந்து!"

"ஆனா உன் சிஸ்டம்... அது எப்படி..."

"எப்படி ஓடுச்சுன்னு கேக்கறீங்களா? உங்க லஞ்ச் பாக்ஸுக்குள்ளயே ஊறுகாயும் வெச்சுத்தான அனுப்பறேன்? கேன்டீன் ஜாடியை நம்பியா விடறேன்? அதே மாதிரி புது அப்ளிகேஷனுக்குள்ளயே அதோட அடாப்டரையும் சேர்த்து பேக் பண்ணிட்டேன். வெளிய இருக்கற பொது அடாப்டரை இப்ப கதவு சிஸ்டம் மட்டும்தான் யூஸ் பண்ணுது. யாரும் தொடாதீங்கன்னு நேத்து மெயில் போட்டேனே!"

ஆனந்தன் கார்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

கேன்டீனிலிருந்து கல்யாணியைக் கூட்டிக்கொண்டு வந்தார் சப்-இன்ஸ்பெக்டர் அன்பரசி. மாத்திரை விஷயத்தை டாக்டர் கண்டுபிடித்த கையோடு போலீசுக்குச் சொல்லியிருந்தார்.

"இவர்தாம்மா! சைஃபு தம்பி டீயைக் கலக்கிகினு இருந்தாரு. இன்னா சார்னு கேட்டேன், சக்கரைன்னாரு. அந்தத் தம்பி சக்கரையே போட்டுக்காது!"

"சைஃபுல்லா..?" என்றான் ஆனந்தன், ஈனக் குரலில்.

"பொழைச்சுட்டான்யா. நீ நட" என்றார் அன்பரசி.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று தடுத்தாள் பிரபா. கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தன் போனை ஆனந்தனின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நேற்றைய மெயில். கடைசி வரி.

'நாளை சேர்மன் முன்னிலையில் சிஸ்டத்தை ஆன் செய்யப் போவது ஆனந்தன். அடுத்த மாதத்திலிருந்து இந்த ப்ராஜெக்டின் லீடரும் அவரே.'

ஆனந்தன் அதை இரண்டு முறை படித்தான். போனை எட்டிப் பிடிக்கப் போனான். சடையப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்களுக்காக ஆறு மாசம் மேலிடத்துல சண்டை போட்டேங்க."

"பிரபா... என்னை மன்னிச்சிடு பிரபா! நீ என்ன எழுதினாலும் இனிமே ஒரு வரி விடாம படிக்கறேன்!"

"படிப்பீங்க. டைவர்ஸ் நோட்டீஸ் வரும்" என்றாள் பிரபா. "அதை மட்டும் ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பறேன்... மெயில்ல போட்டா நீங்கதான் திறக்கவே மாட்டீங்களே!"