மரத்துப்போன பக்கம்

மூன்று விரல்கள். மரத்துப்போன இடது உள்ளங்கைக்குள் அவை மெல்ல நுழைந்து, பனிக்கட்டியில் கிடந்த மீனைப்போலச் சில்லென்று படிந்தபோது, கேப்டன் க்வாங்சிக் ஆஸ்பத்திரிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தப் பக்கம் ஊசி குத்தினாலும் தெரியாது. பேச்சும் போய்விட்டது.

நர்ஸ் யோன்ஜூ அவருக்கு வழுக்காத செருப்பை மாட்டி, பாதங்கள் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று பார்த்து, இடுப்பில் அகலமான பட்டையைக் கட்டினாள்.

"நல்லா முன்னால குனிங்கப்பா. மூக்கு கால் விரலுக்கு நேரா வரட்டும். ம்... எந்திரிங்க!"

எழுந்தார். அவள் இடப்பக்கம் சற்றே பின்தள்ளி நின்றாள். ஒரு கை பட்டையைப் பிடித்திருந்தது. இன்னொன்று அவர் மார்பில் இருந்தது. அப்படியானால் அவர் கையைப் பிடித்திருப்பது யார்?

"ஆ... ஆ..."

"அய்யோ, விரல் அசையுதே! அம்மா, இங்க வாங்களேன்!"

பேரிக்காய்த் தோல் சீவிக்கொண்டிருந்த மனைவி மால்சுன் கத்தியோடு ஓடிவந்தாள். "கல்லு மாதிரி கெடந்த மனுஷன்! என்ன, கடல் கூப்பிடுதாக்கும்?"

இருவரும் சிரித்தார்கள்.

அதன்பின் ஒவ்வொரு மதியமும் பயிற்சிக்கு எழுந்தவுடன், சாத்திய ஜன்னலையும் மருந்து நெடியையும் மீறி டீசலும் ஊறிய கயிறும் கலந்த வாடை அவர் மூக்கில் ஏறியது. இடப்பக்கத் தரையில் சொட்டுச் சொட்டாக நீர் விழும் சத்தம் கூடவே நடந்தது. செத்துக்கிடந்த இடது கால், வலது கால் நகருமுன்பே தானாக முன்னால் போயிற்று. யோன்ஜூ பூரித்துப்போனாள். அவருக்கோ மூத்திரம் முட்டியது.

மூன்று விரல்காரனை அவருக்குத் தெரியும். தோக்சூ, அவருடைய மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவன். வலை இழுக்கும் இயந்திரம் அவனுடைய இரண்டு விரல்களைத் தின்றிருந்தது. "எல்லை தாண்டாதீங்க கேப்டன். கரைக்குப் போனதும் போலீஸ்ல சொல்லிருவேன்" என்று அவன் சொன்ன அன்றே, ஓர் அலை அவனைப் படகுக்கு வெளியே தூக்கி வீசியது. க்வாங்சிக் இடது கையால் எட்டிப் பிடித்தார். அவன் முகத்தைப் பார்த்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. விட்டுவிட்டார். கரையில் அவன் தாயின் காலடியில் விழுந்து, கடல் பறித்துக்கொண்டது என்று அழுதார்.

காற்றில்லாத ஒரு மதியம் யோன்ஜூ சொன்னாள், "இன்னிக்கு வெளிய நடப்போம்ப்பா."

அவர் வலது கையால் கட்டில் கம்பியை இறுகப் பற்றினார். மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"புயல்ல படகு ஓட்டுனவருக்கு வராந்தா தாண்டப் பயமா?" என்று மால்சுன் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

ஆஸ்பத்திரிப் பின்வாசல் சாய்தளம் படகுத்துறையை நோக்கி இறங்கியது. வெயிலில் கண் கூசியது. இடது கால் நீளமாக எட்டு வைத்தது. வலது கையிலிருந்த ஊன்றுகோல் விழுந்து உருண்டது.

"மெதுவாப்பா! நில்லுங்க!"

நிற்கவில்லை. நிற்க முடியவில்லை.

"எம்மாடி, ஓடுறாரு பாரு!" பின்னால் மால்சுன் கைதட்டினாள்.

யோன்ஜூ இரண்டு கையாலும் பட்டையை இழுத்தாள். அவள் செருப்பு வழுக்கியது. முட்டி போட்டு விழுந்தாள். விடவில்லை.

வாடை. சொட்டு. டீசல்.

"ஆ... ஆ..."

பட்டையின் கொக்கி சொடுக்கென்று கழன்றது. கழற்றியது அவருடைய இடது கைதான். அவர் கழற்றவில்லை.

கைதட்டல் நின்றது. துறையில் அலையே இல்லை. பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முட்டிபோட்டிருந்த யோன்ஜூவின் கண்ணெதிரே, க்வாங்சிக் நிமிர்ந்த முதுகோடு, சந்தைக்கு இழுத்துப்போகப்படும் குழந்தைபோல இடது கையை முன்னே நீட்டியபடி, கழுத்துவரை தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார். தலையை மட்டும் கரைப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். வாய் திறந்தே இருந்தது.