குறியிட்ட சங்குகள்

கொடியில் தமிழரசியின் நீலச் சுடிதார் காய்ந்துகொண்டிருந்தது. அதை அவள் துவைக்கவில்லை. விடுமுறைக்கு ஊர் வந்ததிலிருந்து பெட்டியை விட்டு வெளியே எடுக்கவும் இல்லை. தோள்பட்டையில் இரண்டு பக்கமும் தையல் பிரிந்திருந்தது. அம்மா ஒச்சம்மாதான் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். சேலையைத் தவிர வேறெதையும் உடுத்தாதவளுக்கு இந்த வயதில் இப்படியொரு ஆசையா என்று சிரித்துக்கொண்டே மடித்து வைத்தாள். துணியில் சோப்பு வாசனை இல்லை. கடற்கரைச் சேற்றின் வாடை இருந்தது.

தமிழரசி கடல் தாண்டி மெயின்லேண்டில் கணித உயிரியல் முதுகலை படிப்பவள். உயிர்கள் வளர்வதையும் அழிவதையும் சமன்பாட்டுக்குள் பிடிக்கப் பார்க்கிற படிப்பு. ஆய்வுக்குத் தன் தீவிலிருக்கும் ஹட் பே கரையின் சங்கு நண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவற்றுக்குச் சொந்த ஓடு கிடையாது, செத்த நத்தைகளின் சங்கில் புகுந்து அதைச் சுமந்தே திரியும். பிடித்து, அளந்து, சங்கின் மேல் நகப்பூச்சால் எண் எழுதி விட்டுவிடுவாள். சில வாரம் கழித்து மறுபடி பிடிப்பாள். இந்த முறை கணக்கு உதைத்தது. கொழுத்திருந்த நண்டுகள் பாதியாக இளைத்திருந்தன. வளர்ச்சிச் சமன்பாட்டில் அதற்கு இடமே இல்லை.

கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிப் பக்கம் சிக்னல் கிடைத்ததும் பேராசிரியை நீலாவதிக்குப் போன் போட்டாள். அவர் முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சங்குலயா நம்பர் போட்டே? வளர வளர அது பெரிய சங்கா பாத்து மாறிக்கும்மா. காலியான சங்குல வேற நண்டு வந்து குடியேறிடும். நீ வீட்டு நம்பரைப் பாத்துட்டு, உள்ள இருக்கறதும் அதே ஆளுதான்னு எழுதியிருக்கே."

"எனக்குத் தோணவே இல்ல மேடம்."

"மாறுறதுக்கு முன்னாடி புதுச் சங்கோட வாயைச் சுத்தித் தடவி அளவு பாக்கும். பொறுமையா உக்காந்து பாரு, அழகா இருக்கும்."

தீவில் பிறந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் சுனாமிக்குப் பிறகு பல வருஷம் அவள் கடல் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மெயின்லேண்டு கடிகாரத்தில் ஐந்தரை ஆவதற்குள் இங்கே இருட்டிவிடும். எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவே தூறலில் வீட்டுக்கு நடக்கும்போது மேடம் சொன்னது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

அலை அப்பாவைக் கொண்டுபோனது. அம்மாவை மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தது. தோப்புச் சேற்றில் கிடந்தவளை முகாமுக்குத் தூக்கிவந்தபோது முகம் வீங்கி யாரென்றே தெரியவில்லை. முழங்கையில் பச்சை குத்தியிருந்த தேளைப் பார்த்துத்தான், பள்ளிக்கூடப் பிள்ளையாயிருந்த தமிழரசி, எங்கம்மாதான் என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு அந்த முகாமில் அவளைப்போல் கொடுத்துவைத்தவர்கள் யாருமில்லை.

அதற்கு முன் அம்மாவுக்கு வாய் ஓயாது. அதற்குப் பிறகு அவள் யாரையும் ஏசியதில்லை. சோற்றுக்கு உப்புக் கேட்டதில்லை. மழைத்தண்ணீர் புகுந்த தரையில் சுகமாகப் படுத்துத் தூங்கினாள். அதிர்ச்சிதான், போகப்போகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

வீட்டில் கரண்ட் இல்லை. தகரக் கூரையில் மழை வலுத்தது.

"மோம்பத்தி ஏத்தட்டாம்மா?" மெழுகுவத்தியைத் தடவித் தேடிக்கொண்டே கேட்டாள்.

"வேணாம் புள்ள. கண்ணு கூசுது." குரல் மூலையிலிருந்து வந்தது, தரையோடு தரையாக.

"என்னம்மா செய்யுது?"

"இறுக்குது."

"ரவிக்கையைக் கொஞ்சம் தளத்திக்கயேன்."

"ரவிக்கை இல்ல புள்ள."

தமிழரசி நின்ற இடத்திலேயே நின்றாள். தரையில் ஏதோ உரசியது. நின்றது. மறுபடி உரசியது. சேற்று வாடை. பக்கத்தில். இன்னும் பக்கத்தில்.

ஓடியிருக்கலாம். கதவு பின்னால் திறந்துதான் கிடந்தது. ஆனால் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் கஞ்சி ஊட்டியது இந்தக் கைதான். காலேஜுக்குக் கப்பலேற்றிவிட்டு, கப்பல் மறையும்வரை ஜெட்டியில் நின்றதும் இந்த உருவம்தான்.

"எங்கம்மா எங்க?" சின்னப்பிள்ளையின் குரலில் கேட்டாள்.

இருட்டு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னது.

"நான் வரும்போது உள்ள யாரும் இல்ல புள்ள. காலியாத்தான் கெடந்துச்சு."

அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். அம்மாவுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. சாம்பிராணி போடவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. அவள் செத்ததே யாருக்கும் தெரியாது. பெற்ற மகளுக்குக்கூட. என்றைக்கோ அழுதிருக்க வேண்டிய அழுகை இப்போது வந்தது. அம்மா, அம்மா என்று வாய்விட்டு அழுதாள். தரையில் உட்கார்ந்தாள்.

"அழாத புள்ள. எம்புட்டு வளந்துட்டே."

ஒரு கை அவள் கன்னத்தைத் துடைத்தது. அழுகையில் திறந்திருந்த வாயருகே வந்தது. ஈர விரல்கள் உதட்டின் விளிம்பைத் தொட்டு, ஒவ்வொன்றாக, மெதுவாகச் சுற்றி வந்தன. ஒரு சுற்று. பிறகு, சந்தேகம் தீராததுபோல், இன்னொரு சுற்று.